வெயிலில் தூண்டப்படும் தோல் ஒவ்வாமை: 'விலங்குகளில் சோதிக்கப்படவில்லை' என்னும் வாசகத்தால் அறியக்கூடியதும் அறிய இயலாததும்

சோப்பு, முகப்பூச்சு, வெயில்காப்புக் களிம்பு ஆகியவற்றின் உறைகளில் 'விலங்குகளில் சோதிக்கப்படவில்லை' என்ற வாசகம் சில ஆண்டுகளாகப் பரவலாகக் காணப்படுகிறது. பக்கத்தில் ஒரு முயலின் படமும் இருக்கும். தோல் நோய்க்காகப் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் இது குறித்து ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். விலங்கில்கூடச் சோதித்துப் பார்க்காத பொருளை நம்பி முகத்தில் பூசலாமா என்பது ஒன்று. சோதித்துத்தானே மருந்தை விற்கிறார்கள், பிறகு எனக்கு மட்டும் ஏன் இந்த அரிப்பு வந்தது என்பது மற்றொன்று. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. எனினும் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: விலங்குச் சோதனை என்பது தவறாத காவல் என்னும் நம்பிக்கை. ஒளியால் தூண்டப்படும் ஒவ்வாமையைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதற்கான காரணத்தையும், அதனால் நோயாளியும் வீட்டாரும் செய்யவேண்டியதையும் இப்பக்கம் விளக்குகிறது.

பள்ளிபாளையம் போன்ற ஊரில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காவிரியின் இக்கரையில் நாமும் அக்கரையில் ஈரோடும் நூல், தறி, சாயம் ஆகியவற்றை நம்பி வாழ்பவர்கள். சாயம் தோய்த்த நூலை வெயிலில் உலர்த்துவோர், வயலில் களை எடுப்போர், பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து வேலைக்குச் சென்று வருவோர் ஆகியோர் ஆண்டின் பெரும்பகுதி நாள்களில் வெயில் படாமல் இருக்க இயலாது. ரசாயனமும் வெயிலும் ஒரே தோலில் சந்திக்கும் வாய்ப்பு இங்கே அதிகம்.

ஒளி நச்சு, ஒளி ஒவ்வாமை

சில ரசாயனங்கள் தாமாகத் தோலுக்குத் தீங்கு செய்வதில்லை. அவை புற ஊதாக் கதிரை, அதிலும் குறிப்பாகப் புற ஊதா 'ஏ' கதிரை, உறிஞ்சிய பின்னரே தீங்கு செய்கின்றன. இந்தக் கதிர் கண்ணாடியை ஊடுருவும். மேகமூட்டமும் இதை முழுமையாகத் தடுப்பதில்லை. ஆகவே 'நான் வெயிலில் நிற்கவே இல்லை' என்று சொல்பவருக்கும் இந்நோய் வரக்கூடும்.

தீங்கு இரண்டு வழிகளில் நேரும். முதலாவது ஒளி நச்சு விளைவு. ஒளியை உறிஞ்சிய ரசாயனம் தோலின் உயிரணுக்களை நேரடியாகச் சிதைக்கிறது. போதிய அளவு மருந்தும் போதிய வெயிலும் இருந்தால் இது யாருக்கும் வரலாம், முதல்முறையே வரலாம். சில மணி நேரத்தில் சுட்டதுபோன்ற எரிச்சலும் சில சமயம் கொப்புளமும் தோன்றும். உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் தரப்படும் டாக்சிசைக்கிளின் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு.

இரண்டாவது ஒளி ஒவ்வாமை. இங்கே ஒளிபட்ட ரசாயனம் தோலின் புரதத்தோடு பிணைந்து புதியதொரு பொருளாகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியப் பொருளாகக் கருதி நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே ரசாயனமும் வெயிலும் சேரும்போது, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள், அரிப்பும் தடிப்பும் நீர்க்கசிவும் தோன்றுகின்றன. இது எல்லோருக்கும் வராது. வந்தவருக்கோ மிகச் சிறிய அளவே போதும். வெயில் படாத இடத்துக்கும் தடிப்பு பரவலாம். பல மாதங்களாகத் தீங்கின்றிப் பூசிவந்த களிம்பு ஒரு நாள் ஒவ்வாமல் போவது இதனால்தான்; களிம்பு கெட்டுப்போனதோ போலியோ என்று ஐயுறவேண்டியதில்லை.

தோலில் நேரும் சேதம் என்ற அளவில் ஒளி நச்சை உயிரணுக்களை வைத்தே ஆய்வகத்தில் காணலாம். ஒளி ஒவ்வாமைக்கோ முழுமையான எதிர்ப்பாற்றல் அமைப்பும், அது கற்றுக்கொள்ளும் காலமும் தேவை. ஆய்வாளர்கள் விலங்கை நாடியது இதற்காகவே.

சோப்பில் தொடங்கிய சோதனை

ஒளி நச்சிலிருந்து ஒளி ஒவ்வாமையை 1939-ஆம் ஆண்டிலேயே, சல்ஃபா மருந்தை வைத்து, ஸ்டீஃபன் எப்ஸ்டைன் என்னும் தோல் மருத்துவர் வேறுபடுத்திக் காட்டியிருந்தார். ஆயினும் உலகம் இதைப் பொருட்படுத்தியது 1960-க்குப் பிறகுதான். கிருமிநாசினியாக டெட்ராகுளோரோசாலிசிலனிலைடு என்னும் ரசாயனம் சேர்க்கப்பட்ட சோப்புகள் அப்போது பிரிட்டனில் விற்பனைக்கு வந்தன. முகத்திலும் கைகளிலும் கடும் தோல் அழற்சியோடு மக்கள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது. காரணம் அந்த ரசாயனமும் வெயிலும் சேர்ந்ததே என்பதை வில்கின்சன் என்னும் தோல் மருத்துவர் 1961-இல் எடுத்துரைத்தார். தினமும் குளிக்கும் சோப்பு என்பதால் யாருக்கும் முதலில் ஐயம் எழவில்லை.

இந்நிகழ்வுக்குப் பின்னர், ஒரு ரசாயனம் விற்பனைக்கு வருமுன்பே அதன் ஒளி ஒவ்வாமைத் தன்மையைக் கண்டறியவேண்டும் என்ற முனைப்பு உண்டாயிற்று. கினிப்பன்றிகளை வைத்துச் செய்யப்படும் ஹார்பர் முறை 1960-களில் உருவானது இந்தச் சூழலில்தான். ஆம்ஸ்ட்ராங் முறை முதலிய பிற முறைகள் தொடர்ந்து வந்தன. கவனிக்கவேண்டியது வரிசையை: முதலில் மனிதர்கள் நோயுற்றனர், அதன் பிறகே கினிப்பன்றிகளில் அதே நோய் வரவழைக்கப்பட்டது.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

இந்தச் சோதனை வெளிநாட்டுக் கதையன்று. புதிய மருந்துகளுக்கான நம் நாட்டு விதிகளிலேயே, முன்னர் 'ஷெட்யூல் ஒய்' என்ற பெயரிலும் இப்போது 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின் இரண்டாம் அட்டவணையிலும், இது எழுதப்பட்டுள்ளது. ஒளியால் தோலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளோடு தொடர்புடைய புதிய மருந்துக்கும், வெண்புள்ளி நோய்க்கான மருந்துபோல ஒளியோடு சேர்ந்து வேலை செய்யும் மருந்துக்கும் இச்சோதனை கோரப்படுகிறது.

முறை இதுதான். முதலில் 8 கினிப்பன்றிகளில் நான்கு வெவ்வேறு செறிவுகளில் மருந்தை ஒட்டுத்துணியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 ஜூல் அளவு புற ஊதாக் கதிர் செலுத்தியும் செலுத்தாமலும் பார்க்கின்றனர். எரிச்சல் தராத மிக உயர்ந்த அளவு இதனால் தெரியவரும். பிறகு முதன்மைச் சோதனைக்கு 10 விலங்குகள், ஒப்பீட்டுக்கு 5 விலங்குகள். தொடக்க நாளிலும் அதனை அடுத்த 2, 4, 7, 9, 11-ஆம் நாள்களிலும் மருந்தும் கதிரும் தரப்படும். 20 முதல் 24-ஆம் நாளுக்குள் மீண்டும் ஒருமுறை தந்து, 24 மணி நேரத்திலும் 48 மணி நேரத்திலும் தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் மதிப்பிடுவார்கள். சோதனை சரியாக நடக்கிறதா என்பதை அறிய, தீங்கு செய்யும் என்று முன்பே தெரிந்த ஒரு பொருளையும் கூடவே சோதிக்கவேண்டும். அதற்கு எடுத்துக்காட்டாக விதிகள் கூறுபவை கஸ்தூரி மணத்துக்காகச் சேர்க்கப்படும் மஸ்க் அம்ப்ரெட் என்னும் செயற்கை நறுமணப் பொருளும் சோரலென் என்னும் மருந்தும் ஆகும்.

இந்த இரண்டு பெயர்களில்தான் சோதனையின் பலவீனம் வெளிப்படுகிறது. மஸ்க் அம்ப்ரெட் பல்லாண்டுகள் சோப்பிலும் சவரத்துக்குப் பின் பூசும் நறுமண நீரிலும் இடம்பெற்றிருந்தது. அது ஒளி ஒவ்வாமையைத் தரும் என்பதை 1970-களின் இறுதியில் வெளிப்படுத்தியது விலங்குச் சோதனை அன்று. முகம் தடித்துக் கருத்துப்போன மனிதர்கள். பின்னர் கினிப்பன்றியில் அது உறுதி செய்யப்பட்டது. சோரலெனோ முதன்மையாக ஒளி நச்சுப் பொருள். அதனால் விளைவது ஒவ்வாமை அன்று. ஒளி ஒவ்வாமையையும் ஒளி நச்சையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்து ஒரே சோதனையால் அளக்க முற்பட்டதன் அடையாளமாகவே இதை நான் காண்கிறேன். முன்பே அறிந்த விடையைத் திரும்பச் சொல்லும் திறன் இச்சோதனைக்கு உண்டு. அறியாத பொருளைப் பற்றி முன்கூட்டிச் சொல்லும் திறன் உண்டா என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு மருந்து ஒழுங்குமுறைக்கான சர்வதேச ஒத்திசைவு மன்றம் 2013-இல் வெளியிட்ட 'எஸ் 10' என்னும் வழிகாட்டி ஐயத்துக்கு இடமின்றி விடை தருகிறது. ஒளி ஒவ்வாமையை விலங்குகளில் கண்டறியும் சோதனைகள் மனிதர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது நிறுவப்படவில்லை. ஆகவே அவை பரிந்துரைக்கப்படவில்லை. இந்தியா இம்மன்றத்தில் பார்வையாளர் நிலையில் உள்ளது. மன்றம் வேண்டாம் என்ற சோதனை நம் அட்டவணையில் இன்னும் இருக்கிறது. இந்த முரண்பாடு நீங்குவது நன்று என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இச்சோதனைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளைத் தோல் கொண்ட கினிப்பன்றிகளையே தேர்ந்தெடுக்கின்றனர். சிவப்பு எளிதில் தெரியும் என்பதே காரணம். நம் தோலில் சிவப்பு அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. நம்மிடையே இந்நோய் பெரும்பாலும் அரிப்பாகவும், தடித்துச் சொரசொரப்பான திட்டாகவும், பின்னர் நீங்க மறுக்கும் கருமையாகவும் வெளிப்படுகிறது. 'சிவந்தால் வாருங்கள்' என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புவது நம் ஊருக்குப் போதாது.

2014-இலும் 2023-இலும் மாறியவை

அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014 மே மாதம் விதி 148-சி வாயிலாகத் தடை செய்தது. வெளிநாட்டில் விலங்குகளில் சோதிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள்களை இறக்குமதி செய்வதற்கான தடை அதே ஆண்டு நவம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. தெற்காசியாவில் இவ்வாறு செய்த முதல் நாடு நம்முடையதே. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளிலும் இது தொடர்கிறது. ஆகவே முயல் படம் போட்ட சோப்புக்கும் போடாத சோப்புக்கும் இந்தியச் சட்டத்தின்படி இவ்வகையில் வேறுபாடு இல்லை. அந்தப் படத்துக்காகக் கூடுதல் விலை தரவேண்டியதுமில்லை. அந்த வாசகத்தைக் கண்டு அஞ்சவேண்டியதுமில்லை.

மருந்துகளுக்கு இத்தகைய தடை இல்லை. ஆனால் 2023 மார்ச் மாதத்தில் மேற்கண்ட 2019 விதிகள் திருத்தப்பட்டன. உயிரணுச் சோதனைகள், மனித உறுப்பின் செயலைச் சிறு சில்லில் உருவாக்கிப் பார்க்கும் முறைகள், கணினி மாதிரிகள் முதலியவற்றையும் மருந்துச் சோதனையாக ஏற்க அத்திருத்தம் இடமளிக்கிறது. விலங்குச் சோதனையை இது நீக்கிவிடவில்லை. மாற்று வழியைச் சட்டப்படி திறந்துவிட்டது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டமும் இதே நோக்கிலானது.

ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குழாய்களை எண்ணிப் பாருங்கள். வெயில்காப்புக் களிம்பு அழகுசாதனப் பொருள்; விலங்கில் சோதிக்கக்கூடாது. முழங்கால் வலிக்குத் தேய்க்கும் களிம்பு மருந்து, விலங்கில் சோதிக்கப்பட்டிருக்கலாம். தோலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. இரண்டுமே வெயிலில் ஒவ்வாமை தரக்கூடும்.

மாற்றுச் சோதனைகள் எதுவரை?

விலங்கு இல்லாத சோதனைகளில் மிகவும் வேரூன்றியது 3டி3 எனப்படும் உயிரணுச் சோதனை. எலியின் உடலிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் பெறப்பட்டு ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்பட்டுவரும் உயிரணுக்களில் ரசாயனத்தைச் சேர்த்து, ஒரு பகுதியை இருளிலும் மறுபகுதியைப் புற ஊதா 'ஏ' கதிரிலும் வைக்கின்றனர். உயிருள்ள அணுக்கள் ஒரு சிவப்புச் சாயத்தை ஏற்றுக்கொள்ளும், இறந்தவை ஏற்காது. சாயத்தின் அளவைக் கொண்டு சேதத்தைக் கணிக்கின்றனர். சாயம் பிடித்ததா இல்லையா என்று பார்ப்பது நம் ஊரார்க்குப் புதிதன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு இச்சோதனையை 2004-இல் ஏற்றது. ரசாயனம் ஒளி பட்டதும் தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகிறதா என்று குழாயிலேயே பார்க்கும் சோதனை 2019-இலும், ஆய்வகத்தில் வளர்த்த மனிதத் தோல் படலத்தில் செய்யும் சோதனை 2021-இலும் ஏற்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் முன்பாக, ரசாயனம் ஒளியை உறிஞ்சுகிறதா என்பதையே பார்த்துவிடலாம். உறிஞ்சாத பொருள் ஒளியால் தீங்கு செய்யாது.

இவை அனைத்தும் ஒளி நச்சைக் கண்டறிவதில் திறமையானவை. 3டி3 சோதனை மிகுந்த எச்சரிக்கை உடையது. அதில் தேறிய பொருள் மனிதரிடம் ஒளி நச்சாக மாறுவது அரிது. ஆனால் ஒளி ஒவ்வாமையை முன்கூட்டி அறிய உலக அளவில் ஏற்கப்பட்ட சோதனை, விலங்கில்லாத முறையிலும் இல்லை. ஒளியில்லாத சாதாரணத் தொடு ஒவ்வாமைக்கு அத்தகைய முறைகள் வந்துவிட்டன. அவற்றோடு ஒளியைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இதனால் நோயாளிக்கு என்ன? விற்பனைக்கு வந்த ஒரு களிம்பு அல்லது மாத்திரை ஒளி ஒவ்வாமை தராது என்று எந்தச் சோதனையாலும் இன்று உறுதிகூற இயலாது. கடைசிச் சோதனை மனிதத் தோலில்தான், அன்றாட வெயிலில்தான் நடக்கிறது. அதன் முடிவு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தால்தான் பிறர் பயனடைவர்.

கீட்டோபுரோஃபென் வலிநிவாரணிக் களிம்பு இதற்குத் தக்க சான்று. பல நாடுகளில் நெடுங்காலம் விற்பனையில் இருந்த மருந்து இது. வெயிலில் கடும் ஒவ்வாமை ஏற்பட்டதாக நோயாளிகளிடமிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் அறிக்கைகள் குவிந்தன. பிரான்ஸ் 2009 டிசம்பரில் அதை நிறுத்திவைக்க முடிவெடுத்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2010 ஜூலையில் மீளாய்வு செய்து, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டும் தரலாம் என்றும், பயன்படுத்தும் நாள்களிலும் நிறுத்திய பின் இரண்டு வாரம் வரையிலும் பூசிய இடத்தை வெயிலிலிருந்து மறைக்கவேண்டும் என்றும் அறிவித்தது. மருந்து தோலில் தங்கிவிடுவதே அந்த இரண்டு வாரக் கணக்குக்குக் காரணம். ஐரோப்பாவில் 12 நாடுகளின் 30 மையங்களில் 1,031 நோயாளிகளுக்குச் செய்து 2012-இல் வெளியான ஒளி ஒட்டுப் பரிசோதனை ஆய்வில், ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு ஒளி ஒவ்வாமை உறுதியாயிற்று. முதலிடத்தில் இருந்தது கீட்டோபுரோஃபென். முன்வரிசையில் ஆக்டோகிரைலீன், பென்சோஃபீனோன்-3 என்னும் வெயில்காப்புப் பொருள்களும் இருந்தன. வெயிலிலிருந்து காக்கப் பூசுவதே வெயிலில் ஒவ்வாமை தருகிறது என்பது பலரை வியக்கவைக்கும். ஒளியை உறிஞ்சுவதுதான் அப்பொருள்களின் வேலை என்பதை நினைத்தால் வியப்பு குறையும்.

நம் ஊரில் இந்நோயை எங்கே எதிர்பார்க்கலாம்?

தடிப்பு இருக்கும் இடமே முதல் தடயம். நெற்றி, கன்னம், மூக்கு, கழுத்தின் பின்புறமும் முன்புறத்தில் சட்டை திறந்திருக்கும் முக்கோண இடமும், புறங்கை, முன்கை ஆகியவை பாதிக்கப்பட்டு, மேல் இமை, தாடையின் அடிப்புறம், காதின் பின்புறம் ஆகிய நிழல் விழும் இடங்கள் தப்பியிருந்தால் ஒளியின் பங்கை ஐயுறவேண்டும். முழங்காலில் மட்டும் சதுரமாகவோ கை தடவிய வடிவிலோ தடிப்பு இருந்தால் வலிக்களிம்பை ஐயுறவேண்டும்.

சாயப்பட்டறைத் தொழிலாளர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. அவர்களுக்கு வரும் தோல் நோய் பெரும்பாலும் ஒளி சார்ந்தது அன்று. காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், பிளீச்சிங் தூள் ஆகியவற்றால் நேரும் எரிச்சலும், சாயங்களால் நேரும் நேரடித் தொடு ஒவ்வாமையுமே மிகுதி. அவை உள்ளங்கை, விரலிடுக்கு, நனைந்த துணி படும் கால் என்று வெயில் படாத இடங்களையும் தாக்கும். ஆயினும் சில ஆந்த்ராகுவினோன் வகைச் சாயங்களுக்கு ஒளி நச்சுத் தன்மை உண்டு என்பது சாயத் தொழிலாளர்களிடம் 1970-களிலேயே கண்டறியப்பட்ட உண்மை. விடுமுறை நாள்களில் குறைந்து, வேலை நாள்களில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் கூடும் தடிப்பானால் அதை மருத்துவரிடம் அவ்வாறே சொல்லுங்கள். தொழிலகச் சாயங்கள் மேற்சொன்ன அழகுசாதன விதிகளுக்கும் மருந்து விதிகளுக்கும் உட்பட்டவை அல்ல. எனவே சாய மூட்டையில் ஒட்டியுள்ள பெயர்ச் சீட்டும், உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் தகவல் தாளும்தான் நமக்குக் கிடைக்கும் ஆதாரங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வந்தால் போதும். ரசாயனத்தால் வரும் தொழில்சார் தோல் அழற்சி, தொழிலாளர் சட்டங்களில் அறிவிக்கத்தக்க தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளது என்பதையும், ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

வயல்வெளியிலும் புறம்போக்கிலும் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியமும் முகத்திலும் கழுத்திலும் இதே போன்ற நோயைத் தருகிறது. 1950-களின் நடுவில் புனே பகுதியில் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய களை இது. அதன் நுண்துகள்கள் காற்றில் பறந்து தோலில் படிவதால் நிழல் விழும் இமையும் காதின் பின்புறமும்கூடத் தப்புவதில்லை. நாளடைவில் சிலருக்கு வெயிலே ஒவ்வாத நிலையும் உண்டாகிறது. இதைக் கையுறை இல்லாமல் பிடுங்காதீர்கள். பூத்தபின் எரிக்கவும் முற்படாதீர்கள்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்கு ஒரு சொல். விதிகளில் பெயர் குறிக்கப்பட்ட சோரலென் இயற்கையில் இருப்பது கார்போகரிசியில். தகுதியுள்ள மருத்துவரின் கண்காணிப்பில், அளந்த நேரம் ஒளி காட்டித் தரப்படும்போது அது மருந்து. வீட்டில் அரைத்துப் பூசிக்கொண்டு நண்பகல் வெயிலில் நின்றால் கொப்புளம் எழும். அப்புண்ணால் வெண்புள்ளி பரவவும் கூடும்.

மருத்துவமனைக்கு வருமுன்னும் வந்தபின்னும்

ஐயத்துக்குரிய களிம்பை உடனே நிறுத்தி, இடத்தைச் சாதாரண நீரால் கழுவி, துணியால் மறையுங்கள். உட்கொள்ளும் மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது. ரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, மனநல நோய்க்கான குளோர்புரோமசின், வலிக்கான பைராக்சிகாம், சிப்ரோஃபிளாக்சசின், படர்தாமரைக்கான கிரிசியோஃபுல்வின் ஆகியவையும் வெயிலில் தோலைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் இவற்றுள் முதல் இரண்டையும் திடீரென நிறுத்துவதால் விளையும் கேடு அரிப்பைவிடப் பெரிது. மருத்துவர் மாற்று மருந்து தருவார். வாயிலோ கண்ணிலோ புண், உடல் முழுதும் கொப்புளம், முக வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

வரும்போது வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் புட்டிகளையும் கொண்டுவாருங்கள். தைலம், பிறர் கொடுத்த 'சிவப்பழகு' கிரீம், நாட்டு மருந்து எதையும் மறைக்கவேண்டாம். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். மருந்துக் கடையில் பெயர் எழுதாமல் பொட்டலமாகத் தந்த மாத்திரைதான் எங்களுக்குப் பெருந்தலைவலி. கடைக்காரரிடம் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதியவருக்கு மருந்து எடுத்துத் தரும் பராமரிப்பாளர், எந்த நாளில் எந்த மருந்து தொடங்கியது, எந்த நாளில் தடிப்பு வந்தது என்ற இரண்டு தேதிகளைக் குறித்து வைத்தால் பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

காரணம் தெளிவாகாதபோது ஒளி ஒட்டுப் பரிசோதனை உதவும். ஐயத்துக்குரிய பொருள்களை இரண்டு வரிசையாக முதுகில் ஒட்டி, ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்து ஒரு வரிசைக்கு மட்டும் அளவான புற ஊதா 'ஏ' கதிரைத் தருகின்றனர். வழக்கமான அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல். ஒளி பட்ட வரிசையில் மட்டும் தடித்தால் அது ஒளி ஒவ்வாமை. இரு வரிசையிலும் ஒரே அளவில் தடித்தால் சாதாரணத் தொடு ஒவ்வாமை. கினிப்பன்றியில் செய்ததன் நோக்கம் புதிய பொருளை எடைபோடுவது. இதன் நோக்கம் உங்களுக்கு ஒவ்வாததைக் கண்டறிவது. உங்கள் தோலைப் பற்றி உங்கள் தோலிலேயே கேட்பதால் இதன் விடைக்கு மதிப்பு அதிகம். எல்லா ஊரிலும் இவ்வசதி கிடைப்பதில்லை; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு உங்கள் மருத்துவர் பரிந்துரைத்து அனுப்புவார். ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டிருந்தாலோ முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலோ முடிவு தவறாக வரலாம். ஆகவே அதை முன்னரே தெரிவியுங்கள். பரிசோதனை நாள்களில் முதுகை நனைக்கவேண்டாம்.

மருந்தால் வந்த தீங்கைப் பதிவு செய்ய, 2010-இல் தொடங்கப்பட்ட இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் உள்ளது. நோயாளியோ வீட்டாரோ 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நேரடியாகத் தெரிவிக்கலாம். பொதுமக்களுக்கென்றே தனிப் படிவமும் உண்டு. மருந்துதான் காரணம் என்று நீங்கள் மெய்ப்பிக்கவேண்டியதில்லை, ஐயம் போதும். தெரிவிப்பவரின் விவரங்கள் வெளியிடப்படுவதில்லை. அறிக்கையில் மருந்தின் பெயரோடு தொகுப்பு எண்ணையும், தடிப்பு வெயில் பட்ட இடத்தில் வந்ததா என்பதையும் எழுதுங்கள். இந்த இறுதிக் குறிப்பு விடுபட்டால் அந்த அறிக்கை சாதாரண அரிப்பு என்ற கணக்கிலேயே சேர்ந்துவிடும். சோப்பு, கிரீம் போன்ற அழகுசாதனப் பொருள்களைக் குறித்த புகார்களைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அளிக்கலாம். புகார் முடியும்வரை மீதமுள்ள பொருளை உறையோடும் பில்லோடும் வைத்திருங்கள்.